ஐந்துக்கு ஏழு அடியில் அழகான குளியலறை

வீடும் வேலையும்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் குளியலறை பற்றியவைதான் அதிகம். பதில்களுக்குப் போகுமுன் ஒன்று. கொழும்பு வீட்டுப் படங்களையும் இந்திய வீடியோக்களையும் பார்த்து மலையகத்தில் குளியலறை கட்டினால், படத்தில் கண்ட அழகு ஒரு மழைக்காலம் தாண்டாது. மூடுபனியும் குளிரும் உள்ள ஊரில், சீக்கிரம் காய்ந்துவிடுகிற குளியலறைதான் அழகாக நிலைக்கும். கீழே உள்ள அளவுகளை அந்தக் கணக்கில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் குளியலறை 5 அடிக்கு 7 அடி. கதவைத் திறந்தால் கொமட்டில் இடிக்கிறது. உடைத்துப் புதிதாகச் செய்யப் போகிறோம். சின்ன அறைதான், ஆனாலும் பார்க்க எடுப்பாக வேண்டும். எதை எங்கே வைப்பது, டைல் எத்தனை வாங்குவது? (வாசகி, ஹட்டன்)

பதில்: கதவிலிருந்து தொடங்குங்கள். இரண்டேகால் அடிக் கதவு உள்ளே திறந்தால் நாலு சதுர அடி வீண். உங்களிடம் இருப்பதே 35 சதுர அடி. வெளிப்பக்கம் திறக்க வையுங்கள். வெளியே இடமில்லாவிட்டால் சுவரோடு ஓடும் தள்ளுகதவு போடலாம். உள்ளே யாராவது வழுக்கி விழுந்தால், வெளியே திறக்கும் கதவுதான் உதவிக்குப் போக வசதி.

கதவு 5 அடிச் சுவரில் ஓர் ஓரமாக இருக்கட்டும். எதிர்க்கோடியில் 3 அடி நீளம், 5 அடி அகலம் ஷவருக்கு. மீதி 4 அடியில், கதவு இல்லாத பக்கத்து நீளச் சுவரோடு முதலில் பேசின், அடுத்து கொமட். கொமட்டின் நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் 15 அங்குலம் விட வேண்டும். குறைந்தால் உட்காரும்போது முழங்கை இடிக்கும். ஆக கொமட்டுக்கு 30 அங்குலம் போய்விடும். மிஞ்சும் 18 அங்குலத்தில் 16 அங்குல அகலமான சுவர் பேசின் அடங்கும், விளிம்பு உயரம் தரையிலிருந்து 32 முதல் 34 அங்குலம். ஷவர், பேசின், கொமட் மூன்றின் குழாய்களும் ஒரே சுவரில் வந்துவிடுவதால் உடைக்கும் வேலையும் குறையும், பிறகு கசிந்தால் தேடவும் சுலபம்.

கடைக்குப் போகுமுன் கழிவுக்குழாயின் வாயை அளந்துகொண்டு போங்கள். தரைக்குள் இறங்கும் கொமட்டா, சுவருக்குள் போகும் கொமட்டா என்பதும், தரைக்குழாயானால் பூச்சு முடிந்த சுவரிலிருந்து அதன் நடுவுக்கு எத்தனை அங்குலம் என்பதும் தெரிய வேண்டும். இந்த அளவு இல்லாமல் வாங்கிய கொமட் சுவரை விட்டு மூன்று அங்குலம் தள்ளி நிற்கும். பின்னால் விழும் அந்த இடைவெளியை எந்த டைலும் மறைக்காது. தண்ணீர்த் தாங்கியைச் சுவருக்குள் புதைக்கும் கொமட் படத்தில் அழகுதான். ஆனால் அதன் சட்டத்துக்கே ஆறு அங்குலம் வரை போகும், வால்வு பழுதானால் உதிரிப்பாகம் தேடி அலைய வேண்டும். 5 அடி அகலத்தில் அதை நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம்.

ஷவருக்கும் கொமட்டுக்கும் நடுவில் அரைச்சுவர் கட்டாதீர்கள். அறை இரண்டாக வெட்டுப்பட்டுத் தெரியும். 30 அங்குல அகலம், ஆறரை அடி உயரத்தில் 8 மில்லிமீற்றர் டெம்பர்ட் கண்ணாடி ஒன்று, கதவில்லாமல், நிலையாக. மீதி 30 அங்குலம் போகும் வழி. கதவில்லை என்பதால் கீலும் இல்லை, துருவும் இல்லை. குளித்தவுடன் ரப்பர் வைப்பரால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டால் வெள்ளைத் திட்டு படியாது.

இனி டைல். சின்ன அறையைச் சின்னதாகக் காட்டுவது கோடுகள்தான். சுவருக்கு 30க்கு 60 சென்ரிமீற்றர் டைலைப் படுக்கைவசமாகப் பதியுங்கள். ஏழு வரிசை பதித்தால் கிட்டத்தட்ட 7 அடி, அதாவது கதவு நிலையின் தலைமட்டம் வந்துவிடும், உயரவாக்கில் வெட்டுத் துண்டே தேவைப்படாது. அதற்கு மேல் டைலின் நிறத்திலேயே பெயிண்ட். நாலடியோடு நிறுத்தி நடுவில் பூப்போட்ட பட்டி ஓட்டுவது நம்மூரில் இன்னும் விடாத பழக்கம். அந்தப் பட்டிதான் சீலிங்கைக் கீழே இறக்கிக் காட்டுகிறது.

நிறம் ஒன்று, அதிகம் போனால் இரண்டு. சுவருக்கு மங்கிய வெள்ளை அல்லது இளஞ்சாம்பல். ஷவரின் கோடிச் சுவருக்கு மட்டும் வேண்டுமானால் வேறு நிறம் கொடுக்கலாம். தரைக்கு வெள்ளை வேண்டாம். கொழுந்துக்குப் போய்வரும் காலோடு வருகிற சிவப்பு மண் வெள்ளைத் தரையின் ஒவ்வொரு கோட்டிலும் படியும். நடுத்தரச் சாம்பலில், 30க்கு 30 அளவில், பளபளப்பில்லாத டைல் எடுங்கள். பெட்டியில் ஆர் 10 அல்லது ஆர் 11 என்று போட்டிருந்தால் ஈரத்தில் வழுக்குவது குறைவு. தரைக்கும் பெரிய டைல் கேட்காதீர்கள், தண்ணீர்த் துவாரத்தை நோக்கி நாலு பக்கமும் வாட்டம் கொடுக்கும்போது பெரிய டைலைக் குறுக்கே வெட்ட வேண்டிவரும்.

கணக்கு இது. சுற்றளவு 24 அடி, உயரம் 7 அடி, ஆக 168 சதுர அடி. கதவுக்கு 16 கழித்தால் 152. ஒரு டைல் 1.94 சதுர அடி என்பதால் 79 வேண்டும், வெட்டுக்கும் உடைவுக்கும் பத்து வீதம் சேர்த்து 87. தரைக்கு 37, சேதத்தோடு 40. எல்லாம் ஒரே தொகுதி எண் உள்ள பெட்டிகளாக இருக்கட்டும். பிறகு வாங்கும் பெட்டியின் நிறம் ஒரு சாயல் மாறியே இருக்கும். வேலை முடிந்ததும் மிஞ்சிய நாலைந்தைப் பரணில் போட்டு வையுங்கள்.

பதிக்கும் நாளில் பக்கத்தில் நின்று ஒரு விஷயத்தைப் பாருங்கள். பொர்சலின் டைல் தண்ணீர் குடிக்காது. வெறும் சீமெந்துக் கூழ் அதைப் பிடித்து வைத்திருக்காது, டைல் பசைதான் வேண்டும். பசையை ஐந்து உருண்டையாக வைத்து டைலை அமுக்கினால் உருண்டைகளுக்கு நடுவே வெற்றிடம் விழும். அதில் தண்ணீர் தேங்கும், ஒரு வாளி இடித்தாலே விரிசல் விடும். பல் கரண்டியால் சுவர் முழுவதும் இழுத்துத்தான் பதிக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்கள், பொள்ளென்று சத்தம் வரும் டைலை அப்போதே கழற்றச் சொல்லலாம். பையில் 24 மணி நேரத்தில் இறுகும் என்று எழுதியிருந்தாலும் குளிர் நாட்களில் 48 மணி நேரம் பொறுத்துத்தான் டைல் இடைவெளிகளை அடைக்கும் கிறவுட் போட வேண்டும்.

சுவரின் கிறவுட் டைலின் நிறத்தில் இருந்தால் கோடு மறையும். தரைக்கு டைலைவிட ஒரு சாயல் கருமையாக. ஷவர் பகுதிக்கு மட்டும் எபொக்சி கிறவுட் போட முடிந்தால் பூஞ்சணம் எளிதில் பிடிக்காது. ஆனால் அது குளிரில் தடித்துப்போகும். டின்களை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் வைத்துவிட்டு, சிறிது சிறிதாகக் கலந்து, டைல் மேல் படிந்ததை உடனுக்குடன் துடைக்க வேண்டும். இறுகிவிட்டால் டைலோடுதான் வரும்.

கேள்வி: சரிவில் கட்டிய வீடு. ரோட்டு மட்டத்தில் குளியலறை, அதற்கு நேர் கீழே படுக்கையறை. கீழ் சீலிங்கில் மஞ்சள் வட்டம் விழுந்திருக்கிறது. மேலே டைல் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. கிறவுட் மட்டும் புதிதாகப் போட்டால் போதும் என்கிறார் மேசன் பாஸ். (வாசகர், தலவாக்கலை)

பதில்: போதாது. டைலும் கிறவுட்டும் தண்ணீரைத் தடுப்பதற்கானவை அல்ல, தண்ணீரைத் தடுக்கும் பூச்சு அவற்றுக்குக் கீழே இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் அது இல்லை, அல்லது மூலையில் கிழிந்திருக்கிறது.

முதலில் குழாயா தரையா என்று பிரித்துப் பாருங்கள். இரண்டு நாள் அந்தக் குளியலறையைப் பாவிக்காமல், தண்ணீர்க் குழாய்களில் அழுத்தம் இருக்கும்படி மெயின் வால்வை மட்டும் திறந்து விட்டுவையுங்கள். வட்டம் ஈரமாகவே இருந்தால் குழாயில்தான் கசிவு. காய்ந்துவிட்டால் தரையில்.

தரை என்றால் டைலைக் கழற்றிக் கொங்கிரீட் வரை போக வேண்டும். தண்ணீர் இறங்கும் இடங்கள் பெரும்பாலும் நாலுதான்: கழிவுக்குழாய் கொங்கிரீட் தட்டைத் துளைத்துப் போகும் ஓட்டை, தரைத் துவாரத்தின் விளிம்பு, சுவரும் தரையும் சேரும் மூலை, கதவு வாசல். குழாயைச் சுற்றி ஓர் அங்குலம் கொத்தி எடுத்து, சுருங்காத சீமெந்துக் கலவையால் அடைக்கச் சொல்லுங்கள். மூலைகளை வட்டமாகப் பூசி, அதன்மேல் வலைப்பட்டி ஒட்ட வேண்டும். அதன் பிறகு தூளும் திரவமும் கலக்கும் இரட்டைப் பூச்சு, முதல் கை நீளவாக்கில், இரண்டாம் கை குறுக்குவாக்கில். தரை முழுவதும், சுற்றுச் சுவரில் ஓர் அடி, ஷவர்ச் சுவர்களில் ஆறடி வரை. 5க்கு 7 அறையில் இது 114 சதுர அடி வரும், பொருள் வாங்கும்போது அந்தக் கணக்கில் வாங்குங்கள். முதல் கை விரலில் ஒட்டாமல் காய்ந்த பிறகே இரண்டாவது. மூடுபனி நாளில் டின்னில் எழுதிய நேரத்தைப்போல் இரட்டிப்பு ஆனாலும் ஆகும். இங்கே அவசரப்பட்டால் பூச்சு தோலாக உரிந்து வரும்.

பூச்சு நன்றாக இறுகியதும் துவாரத்தை அடைத்து, இரண்டு அங்குலத்துக்குத் தண்ணீர் நிரப்பி, சுவரில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். 24 மணி நேரம் தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்காமலும் கீழ் சீலிங் ஈரமாகாமலும் இருந்தால்தான் டைல் வேலைக்குச் சம்மதம் கொடுங்கள். பாஸ்மாரில் பலருக்கு இந்தச் சோதனை பிடிக்காது, ஒரு நாள் கூலி வீண் என்பார்கள். அந்த ஒரு நாளை நீங்களே கொடுத்துவிடுங்கள்.

வாட்டம் அடிக்குக் கால் அங்குலம். நாலடிக்கு ஓர் அங்குலம். வாட்டம் டைலுக்குக் கீழுள்ள சீமெந்துப் பூச்சிலேயே வந்திருக்க வேண்டும், பசையைக் கூட்டிக் குறைத்துச் சமாளிக்கக் கூடாது.

கேள்வி: சுவர் வியர்க்கிறது, சீலிங் முழுக்கக் கறுப்புப் புள்ளி. இரண்டு தடவை பெயிண்ட் அடித்தாயிற்று. (வாசகி, நுவரெலியா)

பதில்: சுவருக்குள்ளிருந்து வரும் ஓதமா, ஆவி படிந்து வரும் ஈரமா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சுவரைத் துடைத்துக் காயவிட்டு, ஓர் அடிச் சதுரப் பொலிதீனை நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டுங்கள். மறுநாள் பொலிதீனின் வெளிப்புறம் நனைந்திருந்தால் அது அறையின் ஆவி. உட்புறம் நனைந்திருந்தால் சுவர் வழியாகத் தண்ணீர் வருகிறது, வெளிப்புறப் பூச்சையும் மண்மேட்டோடு ஒட்டிய பகுதியையும் பார்க்க வேண்டும்.

நுவரெலியாவில் பெரும்பாலும் ஆவிதான். கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரத்தில் சுவர் எப்போதும் சில்லென்று இருக்கும், சுடுதண்ணீர் ஆவி அதில் பட்டவுடன் நீராகிவிடும். குளிருக்குப் பயந்து ஜன்னலையும் அடைத்துவிடுவதால் ஆவிக்குப் போக்கிடமே இல்லை.

இழுக்கும் விசிறி ஒன்று போடுங்கள். 5க்கு 7 அடி, 8 அடி உயர அறையின் கொள்ளளவு 280 கன அடி. மணிக்கு எட்டுத் தடவை அந்தக் காற்று மாற 6 அங்குல விசிறி தாராளம். கதவுக்கு எதிர்ப்பக்கம், ஷவருக்குப் பக்கத்தில், சுவரின் உச்சியில் வையுங்கள். அதன் வாய் வீட்டுக்கு வெளியே திறக்க வேண்டும், சீலிங்குக்கு மேலே விட்டால் பூஞ்சணம் கூரைக்கு இடம் மாறும், அவ்வளவுதான். உள்ளே காற்று வராமல் வெளியே போகாது, ஆகவே கதவின் அடியில் முக்கால் அங்குலம் விட்டு வெட்டுங்கள். குளித்து முடித்த பிறகும் இருபது நிமிடம் ஓடட்டும். நேரத்தில் தானாக நிற்கும் சுவிட்ச் கிடைத்தால் மறதிக்கு இடமில்லை.

சீலிங் இல்லாமல் நேரே தகரக் கூரை என்றால் ஆவி தகரத்தில் பட்டுத் தலையில் சொட்டும். பீவிசி பலகை சீலிங் போடுங்கள், கழுவலாம், உப்பாது.

இருக்கும் கறுப்பை எடுக்க, ப்ளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் பத்துப் பங்கு. கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துத் தடவி, பத்து நிமிடம் கழித்துக் கழுவுங்கள். கொமட் கழுவும் அமிலத்தோடு இதை ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும். நன்றாகக் காய்ந்த பிறகு பூஞ்சண எதிர்ப்புப் பெயிண்ட். விசிறி இல்லாமல் மூன்றாவது தடவையும் பெயிண்ட் அடிப்பது வீண் செலவு.

கேள்வி: கொழும்பில் அக்கா வீட்டில் இருக்கும் அதே உடனடி ஹீட்டரைத்தான் வாங்கினோம். அங்கே கொதிக்கிறது, இங்கே வெதுவெதுப்பே இல்லை. ஏமாற்றிவிட்டார்களா? (வாசகர், கந்தப்பளை)

பதில்: இல்லை. ஹீட்டர் ஒன்றுதான், தண்ணீர் வேறு. 3.5 கிலோவாட் ஹீட்டர் நிமிடத்துக்கு 3 லீற்றர் ஓடும் தண்ணீரை சுமார் 17 பாகை சூடாக்கும். கொழும்புத் தண்ணீர் 27 பாகை என்றால் 44 ஆகிவிடும். உங்கள் பக்கத்தில் காலைத் தண்ணீர் 14 பாகை என்று வைத்தால் 31தான், குளிக்க 38, 40 வேண்டும். ஓட்டத்தை 2 லீற்றராகக் குறைத்தால் இதே ஹீட்டர் 25 பாகை ஏற்றும், 39 வந்துவிடும். நுண்ணிய துளையுள்ள சின்ன ஷவர் தலை மாட்டி, வால்வைப் பாதி திறந்து பாருங்கள்.

5.5 கிலோவாட் வாங்கினால் 3 லீற்றரிலேயே 40 கிடைக்கும். ஆனால் அது 24 அம்பியர் இழுக்கும். உங்கள் இணைப்பு 15 அம்பியர் என்றால் நினைக்கவே வேண்டாம். 30 அம்பியர் என்றாலும் ஹீட்டர் ஓடும்போது யாராவது கேத்தலைப் போட்டால் சுவிட்ச் விழும். மின்பலகையிலிருந்து தனியாக 6 சதுர மில்லிமீற்றர் வயர், தனியாக 32 அம்பியர் பிரேக்கர், சரியான எர்த், 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச். இவற்றில் ஒன்று குறைந்தாலும் ஹீட்டரை மாட்டாதீர்கள். பழைய ப்ளக் பொயின்டில் சொருகி ஓட்டும் வீடுகள் உண்டு, அந்த வயர்கள் சுவருக்குள் உருகிக்கொண்டிருக்கும். ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை மாதம் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள்.

நாலைந்து பேர் உள்ள வீட்டுக்கு 50 லீற்றர் சேமிப்பு ஹீட்டர் நல்லது. 2 கிலோவாட் என்பதால் 9 அம்பியர்தான். தண்ணீரை 40 பாகை ஏற்ற ஒரு மணி பத்து நிமிடம் ஆகும், சுமார் 2.3 யூனிட். தண்ணீரோடு 65 கிலோவுக்கு மேல் கனக்கும் என்பதால் உள்ளே பொள்ளலான ப்ளொக் கல்லில் சாதாரண போல்ட் அடித்துத் தொங்கவிடாதீர்கள், சுவரைத் துளைத்து மறுபக்கம் தகடு வைத்து முடுக்க வேண்டும். சுடுதண்ணீர் வரும் வழிக்குச் சாதாரண பீவிசி ஆகாது, இளகிவிடும். பிபிஆர் அல்லது சிபிவிசி குழாய் போடுங்கள்.

கேள்வி: தோட்டத்து மேட்டிலிருந்து ஹோஸ் வழியாக வரும் தண்ணீர். ஆசையாக வாங்கிய பெரிய மழை ஷவர் மூன்றே மாதத்தில் அடைத்துவிட்டது. (வாசகர், மஸ்கெலியா)

பதில்: ஊற்றுத் தண்ணீரில் மழை பெய்தவுடன் மண் வரும். அதை நேரே ஷவருக்கு விடக் கூடாது. அழுத்தமும் சிக்கல்தான். 30 மீற்றர் மேட்டிலிருந்து வந்தால் 3 பார் அழுத்தம், அதுவும் இரவில் யாரும் திறக்காதபோது முழுதாக மூட்டுகளில் ஏறும். தண்ணீரை முதலில் ஒரு தாங்கியில் விழவையுங்கள், மிதப்பு வால்வோடு. மண் அடியில் தங்கும். வீட்டுக்குப் போகும் குழாய் தாங்கியின் அடியிலிருந்து மூன்று அங்குலம் மேலே தொடங்கட்டும், அடிமட்டத்தில் கழுவிவிட ஒரு வால்வு. தாங்கியை அடுத்து ஒரு வலை வடிகட்டி, அதை அடுத்து பஞ்சு வடிகட்டி.

தாங்கி 10 அடி உயரத்தில் இருந்தால் அழுத்தம் 0.3 பார் மட்டுமே. அகலமான மழை ஷவர் அதில் ஒழுகுமே தவிரப் பொழியாது. 4 அங்குலத் தலை வாங்குங்கள், ரப்பர் முனை உள்ளதாக, விரலால் தேய்த்தாலே மண் உதிரும்.

கேள்வி: கண்ணாடியின் ஓரம் கறுத்துக்கொண்டே போகிறது. (வாசகி, பண்டாரவளை)

பதில்: சுவரோடு ஒட்டியதால், அல்லது புளிக்காடி வாடை வரும் சிலிக்கோனால் ஒட்டியதால். அந்த அமிலம் பின்பக்கப் பூச்சைத் தின்றுவிடும். அமிலமில்லாத நியூட்ரல் சிலிக்கோன் கேட்டு வாங்கி, சுவருக்கும் கண்ணாடிக்கும் 4 மில்லிமீற்றர் இடைவெளி விட்டு ஒட்டுங்கள். கறுத்தது திரும்பாது, ஓரத்தை வெட்டி மறுபடி மாட்டலாம். விளக்கைத் தலைக்கு மேல் வைக்காமல் கண்ணாடியின் இரு பக்கமும் ஐந்தரை அடி உயரத்தில் வைத்தால் முகத்தில் நிழல் விழாது.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி. குந்தும் கழிப்பறையைக் கொமட்டாக மாற்றினால் அறை இன்னும் நெருக்கமாகிவிடுமா? (வாசகி, பசறை)

பதில்: நெருக்கம்தான், ஆனாலும் மாற்றுங்கள். இருக்கை 17 அங்குல உயரம் வரும் கொமட்டாகப் பாருங்கள், 15 அங்குலத்தில் எழுந்திருக்கச் சிரமம். பக்கச் சுவரில் 33 அங்குல உயரத்தில் 2 அடி நீளத் துருப்பிடிக்காத பிடி ஒன்று. அதைச் செங்கல்லில் அல்லது நிரப்பிய ப்ளொக்கில் மூன்றங்குல போல்ட்டால் முடுக்குங்கள். துவாலை மாட்டும் கம்பி பிடியாகாது, ஆளோடு கழன்று வரும்.

குந்தும் பேசினுக்குக் கீழே தண்ணீர்ப் பூட்டு வளைவு ஏற்கெனவே இருக்கும். கொமட்டுக்குள்ளும் ஒரு வளைவு உண்டு. பழையதை எடுக்காமல் மேலே கொமட்டை வைத்தால் இரண்டு வளைவுக்கு நடுவே காற்று சிக்கி, ஒவ்வொரு தடவையும் தண்ணீர் முழுதாக இறங்காமல் நிற்கும். தரையை உடைத்துப் பழைய வளைவை எடுத்துவிட்டு 110 மில்லிமீற்றர் குழாயில் நேரே இணைக்கச் சொல்லுங்கள். மலக்குழியிலிருந்து கூரைக்கு மேலே போகும் காற்றுக்குழாய் இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

குழியையே இடம் மாற்றுவதானால் சரிவின் விளிம்பில் தோண்டாதீர்கள். ஊறும் தண்ணீர் மண்ணை இளக்கும். மண்சரிவு அபாயம் உள்ள இடம் என்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டுவிட்டு மண்வெட்டியை எடுங்கள்.